உப்பள ஓரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம்

24.03.2025 திங்கட்கிழமை பகல் 11.30 மணிக்கு, காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஜெபசுதா அவர்கள் முன்பு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் குடியிருக்கும் ரெக்சன், வயது 41, த/பெ மிக்கேல், மனு விசாரணையில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் அந்தோணியம்மாள், மனைவி ரீனா, இரண்டு மகள்கள் ஆகியோருடன் வசித்து வருகிறேன். மாடியில் என் அண்ணன் பர்னபாஸ் குடும்பம் இருக்கிறது. பதினாறு வருடமாகக் கனரக வாகனம் ஓட்டுகிறேன். கடந்த ஆறு வருடமாகச் செந்தூர்வேல் அண்ணாச்சியின் டிரான்ஸ்போர்ட்டில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். என் மீது இதுவரை எந்த வழக்கும் கிடையாது. துறைமுக கேட்டில் வரிசையை முந்திய ஒருவனின் சட்டையை ஒருமுறை பிடித்திருக்கிறேன், அது அங்கேயே சமாதானமாகிவிட்டது. கேட்டதால் சொல்கிறேன்.

11.03.2025 செவ்வாய்க்கிழமை காலை ஒரு சரக்குக் கிட்டங்கியிலிருந்து முந்திரிப் பருப்புப் பெட்டிகள் ஏற்றி சீல் வைத்த கண்டெய்னரை எடுத்துக்கொண்டு 9.20 மணிக்குத் துறைமுகத்துக்குப் புறப்பட்டேன். அதன் பிறகு 9.56 மணிக்குச் சாலையை விட்டு இறங்கி, உப்பளத்தை ஒட்டிய மண் ஒதுக்கில் வண்டியை நிறுத்தினேன். 10.48 மணிக்கு மறுபடி எடுத்தேன். அதன் பிறகு துறைமுக வரிசையில் நின்று பன்னிரண்டரை மணிக்கு உள்ளே போய் கண்டெய்னரை இறக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் சுங்கத்துறையினர் அதைத் திறந்து பார்த்தபோது முப்பத்தெட்டுப் பெட்டிகள் குறைந்தன. சீல் உடையவில்லை. ஆனால் சீலைத் தொடாமல் கதவின் போல்ட்டை மட்டும் கழற்றி, சரக்கை எடுத்துவிட்டு, மறுபடி மாட்டிவிடும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். இது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

அதன் பிறகு அண்ணாச்சி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, வழியில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். டயரில் காற்று குறைந்த மாதிரி இருந்தது, பார்த்தேன் என்று சொன்னேன். அது பொய். அவர் ஜி.பி.எஸ். கணக்கை எடுத்து என் முன்னால் போட்டார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து துறைமுகத்துக்கு லோடு போன நாளிலெல்லாம் என் வண்டி அதே இடத்தில் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று நின்றிருக்கிறது.

"ஏலே, எட்டு மாசமா அதே எடத்துலயாலே டயருல காத்து எறங்குது?" என்று கேட்டார்.

அப்போது அங்கே புக்கிங் கிளார்க் ஜெஸ்டின் நின்றுகொண்டிருந்தான். அவன் என் அண்ணனோடு கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். அவன் காதில் விழுந்தால் விஷயம் சாயங்காலம் காப்பிக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டயர் விஷயத்தில் பொய் சொன்னவன் பெட்டியையும் எடுத்திருப்பான் என்று அண்ணாச்சி நினைத்து மனு கொடுத்ததில் தப்பில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அதன் பிறகு 20.03.2025 அன்று என்னை இந்த நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். உதவி ஆய்வாளர் அம்மா அதே கேள்வியைக் கேட்டபோது, அந்த நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து கிதார் பழகினேன் என்று உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த காவலர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. சிரிக்கிறதுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வேலையும் லைசென்சும் போய், மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவளைக் களவாணி மகள் என்று தெருவில் சொல்லப் போகிறார்களே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வண்டியைச் சோதித்தார்கள். சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையில் போர்வையில் சுற்றி வைத்திருந்த கிதாரை எடுத்து நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். சொந்த வீடு இருக்கிறவன் உப்பளத்து ஓரத்தில் போய் ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்டதற்கு என் பதில் வருமாறு.

கிதாரை இரண்டு வருடத்துக்கு முன்னால், கப்பல் வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட ஒருவரிடம் வாங்கினேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டால் எனக்கு வாசிக்க ஆசை, அவ்வளவுதான். முதலில் வீட்டில்தான் பழகினேன். காலையில் அம்மாவின் செபம், தண்ணீர் பிடிக்கிற நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். சாயங்காலம் மூத்தவள் படிப்பு. ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை. அதன் பிறகு அம்மாவுக்கு சீரியல். தவக்காலம் நாற்பது நாளும் வீட்டில் பாட்டே கூடாது. கம்பிக்கு அடியில் துண்டைச் செருகிச் சத்தம் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். புடைக்கிற சத்தம் கேக்கே, இந்நேரத்துல யாரு அரிசி புடைக்கா என்று அம்மா கேட்டார். மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போட வந்தவர்கள், "ஏ ரெக்சா, ஒரு பாட்டு எடுத்து விடேன், கேப்போம்" என்றார்கள்.

நேரம் மட்டும்தான் குறை என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். என் அண்ணன் நன்றாக வாசிப்பார். பெரிய பூசைகளுக்கு அவர்தான் கிதார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எடுத்து உட்கார்ந்தால் மாடியிலிருந்து இறங்கி வந்து, "இங்கன குடுலே, சுதியே சேரலயே" என்று என் மடியிலிருந்து வாங்கிக்கொள்வார். சுதி சேர்ப்பார், அப்படியே முழுப் பாட்டையும் வாசித்தும் முடித்துவிடுவார். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பாத்தீயளா, இப்படி வாசிக்கணும் என்று ரீனா சொல்வாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதற்கு மேல் என் கை ஓடாது. பழகுகிறவன் தப்பாகத்தான் வாசிப்பான். ஆயிரம் தடவை தப்பாக வாசிக்க ஒரு இடம் வேண்டும். அண்ணன் குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் அந்த இடம் இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஆறுமுகநேரியில் ஒரு பையனுக்கு விற்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லி, கிதாரை வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அதுவும் பொய்தான். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை.

அதன் பிறகு சென்ற ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்து கொடி இறங்கிய வாரத்தில், அந்த மண் ஒதுக்கில் ஒருநாள் என்ஜின் சூட்டுக்காக நிறுத்தினேன். இந்தப் பக்கம் சாலை, அந்தப் பக்கம் வரப்புக்கு அப்பால் பூட்டின ஒரு மோட்டார் கொட்டகை, அதற்கு மேல் உப்புப் பாத்திதான். ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தேன். அன்றிலிருந்து அதுதான் என் இடம். துறைமுக கேட்டில் எப்போதும் வரிசை நிற்பதால் ஒரு மணி நேரம் பிந்தியது யாருக்கும் தெரியவில்லை. பழகியது ஒரே பாட்டு. மூத்த மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயிலில் பாடியது. நாலு அடி. மூன்றாவது அடியில் எஃப் கார்டு என்று ஒரு பிடி வரும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலும் படுக்கப் போட்டு அழுத்த வேண்டும். எனக்கு அந்த விரல் ஒரு பழைய லாரிக் கதவில் நசுங்கியது, சரியாகப் படியாது.

அதன் பிறகு 22.03.2025 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உதவி ஆய்வாளர் அம்மா என்னை அந்த இடத்துக்கு அழைத்துப் போனார். வண்டி நின்ற இடத்தைக் காட்டினேன். உன்னை இங்கே பார்த்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் கிடையாது, யாரும் இல்லாததால்தான் இங்கே வந்தேன் என்று சொன்னேன். அதைச் சொன்னபோதே, அது எனக்கு எதிராகத்தான் நிற்கும் என்று தெரிந்தது. அப்போது மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து நாலு பெண்கள் எழுந்து வரப்பு மேல் வந்தார்கள். கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. எல்லோரும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். விடியுமுன் வேலைக்கு வந்து, பத்து மணிக்கு அந்தக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று அன்றுதான் அறிந்தேன். அவர்களில் மூத்தவர் பெயர் முத்துமாரி, வயது 53. அவர் என் காது கேட்கச் சொன்னது வருமாறு.

"இந்த ஆளா? இவரு எங்க மேடம் திருடுதாரு! வண்டியை நிப்பாட்டுவாரு, தட்ட ஆரம்பிப்பாரு. போன ஆடிக் கடைசியிலருந்து ஒரே பாட்டு. முத ரெண்டு அடி நல்லா வரும். மூணாவதுல போயிச் சறுக்கிருவாரு. திரும்ப மொதல்லருந்து. மழை மாசம் அளத்தை மூடி, தை கழிச்சு நாங்க வந்து பாத்தா, அப்பவும் அங்கனயேதான் நிக்காரு. சோத்தைத் தின்னுக்கிட்டே, இன்னைக்குத் தாண்டுவாரா மாட்டாரான்னு நாங்க பந்தயம் போடுவோம்."

காவலர் இப்போதும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நிலையத்தில் அவர் சிரித்தபோது வந்தது கோபம். இப்போது வந்தது வெட்கம். மழை மாதம் போக மற்ற நாளெல்லாம் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மா, பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

"அது எப்படி மறக்கும்? மறுநாள் எம் மவளுக்கு வளைகாப்பு. லீவு சொல்லிட்டு வந்து உக்காந்தேன். அன்னைக்குத்தான் மேடம் தாண்டினாரு! மூணாவதும் போச்சு, நாலாவதும் போச்சு, பாட்டே முடிஞ்சிட்டு. இந்தா இவ, பேச்சிச்செல்வி, கையைத் தட்டப் போனா. ஏளா சும்மா இரு, தட்டுனா ஆளு இருக்குன்னு தெரிஞ்சி நிப்பாட்டிருவாருன்னு நான்தான் கையைப் பிடிச்சேன். கொட்டகை ஓரமா எட்டிப் பாத்துக்கிட்டேதான் இருந்தோம், அவரு எறங்கவும் இல்ல, வேற வண்டி ஒண்ணும் வரவும் இல்ல."

வளைகாப்புப் பத்திரிகையில் தேதி 12.03.2025 என்று இருந்ததை உதவி ஆய்வாளர் அம்மா சரிபார்த்தார். அவர்கள் அத்தனை மாதமும் எனக்காகச் சத்தம் காட்டாமல் இருந்ததை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. வண்டிக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு இன்று காலை மேற்படி முத்துமாரி, செந்தூர்வேல் அண்ணாச்சி, என் மனைவி, என் அண்ணன் ஆகியோர் நிலையத்துக்கு வந்தார்கள். சாட்சி சொன்னது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், வாசியுங்கள் என்று கிதாரை என்னிடம் கொடுத்தார்கள். ஆள் முன்னால் வாசிக்க வராது என்பதற்காகத்தானே இவ்வளவும் என்று சொன்னேன். "நல்லா வாசிக்கணும்னு நான் கேக்கலியே ரெக்சன். எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிங்க" என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். கம்பிகள் இறங்கியிருந்தன. அண்ணன் பழக்கத்தில் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நானே சுதி சேர்த்து வாசித்தேன். முதல் இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடியில் விரல் வழுக்கியது.

"அங்கனதான் மேடம்" என்று முத்துமாரி அம்மா சொன்னார். உதவி ஆய்வாளர் அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணாச்சி, அந்த ஐம்பத்திரண்டு நிமிடம் பற்றித் தனக்கு இனிச் சந்தேகம் இல்லை, கிட்டங்கியில் ஏற்றின ஆட்களை விசாரிக்கச் சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். வேலையில் தொடரலாம், ஆனால் இனி வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன். எனக்கு அது பெரிய வருத்தம். அந்த இடமும் போய்விட்டது, வேறு நேரம் இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை. என் மனைவி, "வித்துட்டேன்னு எங்கிட்டயே சொல்லிட்டீயளே, வச்சிருக்கேன்னு சொன்னா என்னங்க?" என்று கேட்டாள். சொன்னால் வாசித்துக் காட்டச் சொல்லுவே என்றேன். கொஞ்சம் யோசித்து, ஆமா, சொல்லிருப்பேன் என்றாள்.

அதன் பிறகு இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மூன்றாவது அடியில் நான் தவறுவேன் என்று சாட்சி சொன்னது அதில் இருந்தது. இன்று நிலையத்தில் தவறியதும் இருந்தது. 11.03.2025 அன்று தவறாமல் வாசித்தது சாட்சியின் பேச்சில் வந்ததோடு சரி, நடந்ததாகத் தனி வரியில் எழுதப்படவில்லை. அது வழக்குக்குத் தேவையில்லை, வண்டியை விட்டு இறங்கவில்லை என்பது போதும் என்றார்கள். பெட்டி எங்கே போனது என்று கண்டுபிடிக்க நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள், நான் அதை வாசித்தேன் என்று சொல்ல இந்த அம்மாவை விட்டால் எனக்கு ஆளில்லை, எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். என்னை ஏறெடுத்துப் பார்த்துவிட்டு உதவி ஆய்வாளர் அம்மா முத்துமாரி அம்மாவிடம் கேட்டார். "எழுதுங்க மேடம், எங் காதால கேட்டேன்" என்று அவர் சொன்னார். அதன் பேரில் பின்வருமாறு சேர்க்கப்பட்டது.

11.03.2025 அன்று காலை சுமார் 10.40 மணிக்கு மேற்படி ரெக்சன் மேற்படி பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை எங்கும் தவறாமல் வாசித்தார்.

கடைசியாகச் சேர்த்த வரி உட்பட எல்லாவற்றையும் படிக்கக் கேட்டேன். யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நான் சொன்ன இரண்டு பொய்களையும் நானே மேலே ஒப்புக்கொண்டிருக்கிறேன். மற்றது அத்தனையும் நடந்தபடி உண்மை.

(ஒப்பம்) மி. ரெக்சன்

உடனிருந்த சாட்சி: (ஒப்பம்) முத்துமாரி