பறிக்காத ஆவாரம்பூ

இன்ஸ்பெக்டர் ஐயா, ஆவாரைக்கு அதிகத் தண்ணீர் ஆகாது. வேர் அழுகிவிடும். இது தெரியாமல் பலர் செல்லம் கொடுத்தே செடியைக் கொன்றுவிடுகிறார்கள்.

ஆம்பூர்த் தோல் ஷாப்புக்குப் பட்டை வாங்கிப் போடுவது என் வேலை. ஆவாரம்பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. நான் வாங்கிய வாங்கில் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆவாரை மிச்சமில்லை. அதனால்தான் வீட்டுக் கொல்லையில் ஒன்றை ஆசையாக வளர்த்தேன். கசாப்புக்காரன் ஓர் ஆட்டுக்கு மட்டும் மணி கட்டி வளர்ப்பதில்லையா? வருடம் முழுக்கப் பச்சை. பூத்துவிட்டால் பொன்னைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். தோல் நாற்றத்தோடு வீடு திரும்பி அதன் எதிரே உட்கார்ந்தால் என் மனசு குளிரும்.

என் மனைவி செண்பகத்துக்குப் பேரில் மட்டும்தான் பூ. அவளுக்கு நீரிழிவு வந்தது. தினம் ஒரு கைப்பிடி ஆவாரம்பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் கஷ்டம் என்று ஹக்கீம் சாயபு சொன்னார். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பழமொழி வேறு எடுத்துவிட்டார். பழமொழிக்கென்ன, அதன் வீட்டுச் செடியா மொட்டையாகப் போகிறது?

இரண்டு நாள் பறித்தாள். மூன்றாம் நாள் தடுத்தேன்.

“செடி மறுபடி பூக்கும். நான் போய்ட்டா வருவனா?” என்றாள்.

நியாயமான கேள்வி. எனவே இனி மருந்தை நானே காய்ச்சித் தருகிறேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட மொண்டு கொடுக்காத புருஷன் இப்படிச் சொன்னதும் அவள் அழுதே விட்டாள்.

பாலாற்றங்கரைச் சுடுகாட்டு வேலியில் மஞ்சளரளி கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறது. அதுவும் மஞ்சள்தான்.

“இன்னாங்க, இன்னிக்குக் கசப்பு ஜாஸ்தியாக் கீதே?”

“மருந்துன்னா அப்படித்தான். குடி.”

குடித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

சாவுக்கு வந்த ஹக்கீம் சட்டியின் அடியில் கிடந்த பூவைப் பார்த்துவிட்டார். பூ தெரியாமல் மாறிப்போயிருக்கலாமே என்று நீங்கள் இரக்கத்தோடு கேட்கிறீர்கள். என் தொழிலுக்கே அது அவமானம், ஐயா. பட்டையை முகர்ந்தே செடியைச் சொல்கிறவன் நான். அரளி என்று தெரிந்துதான் காய்ச்சினேன். குடித்தால் சாவாள் என்பதும் தெரியும். அன்று இரக்கம் எனக்கும் இருந்தது. பிணத்தின் மேல் போட ஆவாரம்பூ பறிக்கக் கூடையோடு பெண்கள் வந்தார்கள். ஒரு பூவைத் தொட விடவில்லை. செடியும் ஓர் உயிர்தானே, ஐயா.