பெரியக்கா காத்த கட்டில்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கட்டிலை விட்டிறங்கி முன்வரிசைக்கு வந்திருக்கும் இம்முதியோர் இல்லத்தின் பெரியோர்களே!

தலைமைச் செவிலியர் அம்மையார் மறைந்தார். தொண்ணூறு வயதுக்காரரும் அவரைப் 'பெரியக்கா' என்றே அழைத்தார். அந்த உறவுமுறை செல்லுமா என்று எவரும் வழக்காடவில்லை.

மருத்துவரே எட்டிப் பாராத இல்லமாக இது இருந்தது. நடக்க முடிந்தவர் மருத்துவரைத் தேடிப் போகலாம். நடக்க முடியாதவர் என் செய்வார்? அம்மையார் ஒரு மருத்துவரின் வாசலில் விடாப்பிடியாக நின்று, புதன்தோறும் அவரை இங்கே வரவழைத்தார்.

மருத்துவர் வந்தார், கட்டில் கட்டிலாகக் கேட்டார். எல்லோரும் நலம் என்றார்கள். மகிழ்ந்து பையை மூடியவரை அம்மையார் வாசலில் மறித்தார்.

"டாக்டர், இங்க யாரு சத்தமா நல்லா இருக்கேன்னு சொல்றாங்களோ, அவங்களை முதல்ல பாருங்க."

முதலில் பார்க்கப்பட்டவர் தையற்காரர் ஐயா. போர்வைக்குள் அவர் கால்விரல் கறுத்திருந்தது. ஏன் மறைத்தார்? ஓர் இரவு வெளியே தங்கினால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது இவ்வில்லத்தின் விதி. வலியைச் சொன்னால் மருத்துவமனை. மருத்துவமனை என்றால் திரும்பி வர இடமில்லை. சொன்னால் கட்டில் போகும், சொல்லாவிட்டால் கால் போகும்!

"நான் போனா என் கட்டில்ல வேற ஆளு படுத்திருப்பான், பெரியக்கா."

"படுத்திருந்தா அவன் மடியில உங்களைப் படுக்க வைக்கிறேன். காலைக் காட்டுங்க."

அவர் போனார். அம்மையார் அவருடைய கத்தரிக்கோலையும் சட்டையையும் கட்டிலில் பரப்பிவைத்து, கேட்டவரிடமெல்லாம் ஐயா குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். ஐயா ஒரு வாரத்துக்கும் மேலாகக் குளித்தார். காலோடு திரும்பினார்.

இது விதிக்கு முரணானது என்பதைச் இவ்வில்லத்தின் சட்ட ஆலோசகர் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும். அந்த விதி எதற்கு முரணானது என்பதையும் சொல்லியாக வேண்டாமா? அதை மாற்றும்படி அம்மையார் பலமுறை கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்ற விடையே கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு கட்டிலையும் அவர் தம் வாய்ச்சொல்லால் காத்துவந்தார்.

அவர் மறைந்தபின் வந்த முதல் புதனன்றும் மருத்துவர் தவறாமல் வந்தார். நானும் உடனிருந்தேன். வெயில் காலம், ஆயினும் போர்வைகள் கழுத்துவரை ஏறியிருந்தன. எல்லோரும் நலம் என்றார்கள்; வாசலில் மறிக்க எவருமில்லை. தேநீர் ஆறுமுன் மருத்துவர் புறப்பட்டார்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் உறுதி கூறினீர்கள். என்னால் இயன்றதை மட்டுமே நான் உறுதி கூறுவேன். வரும் புதன் முதல் ஒவ்வொரு கட்டிலருகிலும் மருத்துவரோடு நிற்பேன். ஆனால் "போய் வாருங்கள், இந்தக் கட்டில் உங்களுடையதுதான்" என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. அந்த அதிகாரம் உடையோர் அனைவரும் இம்மேடையில் இருக்கிறீர்கள். இரங்கற்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரும் வழக்கமில்லை. கூடாதென்றும் எங்கும் எழுதப்படவில்லை.

நான் அமர்கிறேன். தலைவர் அவர்களே, முன்வரிசையில் காத்திருக்கிறார்கள்.