எண்ணாமல் விட்ட இருபத்துநான்கு படங்கள்

ஆமை: கதவைச் சாத்திட்டு வா. லிஃப்ட் ஓடினாலே மைக்ராஸ்கோப்ல படம் ஆடுது.

மிளகாய்: எதுக்கு வரச் சொன்னே? டீ ஆறிடும், சீக்கிரம் சொல்லு.

ஆமை: மிட்டாய் சாம்பிளுக்கு நாப்பது படம் எடுத்துக் குடுத்தேன்ல?

மிளகாய்: ஆமா, ஆறு நாளா எடுத்தே. உனக்கு ஆமைன்னு பேர் வெச்சவங்க விரலுக்கு மோதிரம் போடணும்.

ஆமை: உனக்கு மிளகாய்னு வெச்சதும் அவங்கதான். ... அதுல பதினாறுதான் எண்ணியிருக்கே.

மிளகாய்: பதினாறு போதாதா?

ஆமை: மூணு, நாலு, ஒம்பது, பதினொண்ணு... அப்புறம் ஒரே தாவா இருபத்திரண்டு. நடுவுல இருந்ததெல்லாம் எங்க?

மிளகாய்: மங்கலா இருந்துச்சு.

ஆமை: நான் எடுத்தது மங்கலா?

மிளகாய்: சரி, மங்கல் இல்ல. கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எது ஒரு துகள், எது நாலுன்னு கோடு போடவே முடியல.

ஆமை: ஒட்டியிருந்தா உள்ள இருக்குற ஒவ்வொண்ணையும் தனியா அளக்கணும். போன வருஷம் எனக்கே அதுக்கு வகுப்பெடுத்தியே.

மிளகாய்: இப்ப நீ எனக்கு எடுக்குறியா?

ஆமை: கேக்குறேன். அவ்வளவுதான்.

மிளகாய்: உன் மண்டையில ஏறுற மாதிரி சொல்றேன். மிட்டாயில நிறம் எடுப்பாத் தெரிய அடியில வெள்ளையாப் பூசுற பொடி, டைட்டானியம் டை ஆக்சைடு. எண்ணிக்கையில பாதிக்கு மேல நூறு நானோமீட்டருக்குக் கீழ இருந்தா, நுண்தூள்னு பாக்கெட்ல போட்டே ஆகணும். அந்தக் கம்பெனி போடல. எனக்கு அறுபத்தெட்டு சதவீதம் வந்துச்சு. இதுல உனக்கு எங்க வலிக்குது?

ஆமை: சட்டத்தை எனக்கே சொல்றியா?

மிளகாய்: தின்னா என்ன ஆகும்னுகூட நான் சொல்ல வரல. என்னத்தைத் தின்னக் குடுக்குறேன்னு சொல்லிட்டுக் குடு, அவ்வளவுதான். ஒரு முடியைக் குறுக்கால ஆயிரமாக் கூறு போட்டா அதுல ஒண்ணு... அதை எவன் பார்த்துக் கேக்கப் போறான்னு தைரியம் அவனுங்களுக்கு.

ஆமை: அந்தக் கம்பெனியில உனக்கு யாரு?

மிளகாய்: யாருமில்ல.

ஆமை: நிஜமாவா?

மிளகாய்: இருந்தாங்க. அம்மா.

ஆமை: என்ன வேலை?

மிளகாய்: மிட்டாய் உருள்ற டிரம்ல அந்தப் பொடியைக் கொட்டுறது. பதினோரு வருஷம். வீட்டுக்கு வந்தா புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும். மூக்குக்கு ஒரு மூடி குடுங்கன்னு கேட்டாங்க. சாப்பிடற பொருள்தானே, மோந்தா என்னன்னு சிரிச்சானுங்க. ரெண்டாவது தடவை கேட்டதும் வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க.

ஆமை: நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

மிளகாய்: என்னன்னு சொல்ல? எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். என்னைப் படிக்க வெச்சதே அந்தப் பொடிதான்னா?

ஆமை: அப்ப இந்தச் சாம்பிளை நீ தொட்டிருக்கவே கூடாது.

மிளகாய்: சாம்பிள் பாக்கெட்ல வெறும் நம்பர்தான் போட்டிருந்துச்சு. யாருதுன்னு எழுதல.

ஆமை: அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?

மிளகாய்: தண்ணியில கரைக்க எடுத்தப்ப. நாலு நிறம், நடுவுல ஒரு வரி. உடைஞ்சு கழிச்ச மிட்டாயெல்லாம் எங்க வீட்டு டப்பாவுக்குத்தான் வரும். எனக்குத் தெரியாதா அந்த மிட்டாயை? ... போ, போய்ச் சொல்லு.

ஆமை: சொல்றதா இருந்தா உன்னை ஏன் கூப்பிடுறேன்? இதைக் கேளு. படம் எடுக்குறப்ப எங்க நிறுத்தலாம்னு நான் பார்க்கவே மாட்டேன். ஒரே அளவு தள்ளித் தள்ளி, வந்தது வரட்டும்னு எடுப்பேன். அதுக்குத்தான் ஆறு நாள். நீ அதுல உக்காந்து, பொடிசு நிறைய இருக்குற படமாப் பார்த்துப் பொறுக்கியிருக்கே.

மிளகாய்: அவனுங்க பொறுக்க மாட்டானுங்களா?

ஆமை: பொறுக்குவாங்கன்னுதானே அதிகாரிங்க நம்மகிட்ட அனுப்புறாங்க.

மிளகாய்: நாப்பதையும் எண்ணி, நாப்பத்தொம்பது சதவீதம் வந்திருந்தா? சிரிச்சுட்டுப் போயிருப்பானுங்க.

ஆமை: எண்ணிப் பார்த்தியா?

மிளகாய்: இல்ல. ... பயமா இருந்துச்சு.

ஆமை: நான் எண்ணினேன்.

மிளகாய்: எப்ப?

ஆமை: நாலு நாளா, சாப்பாட்டு நேரத்துல. நீ எந்தெந்தப் படம் எடுத்தேன்னு மட்டும்தான் பார்த்தேன், உன் கணக்கைத் திறக்கவே இல்ல. நாப்பது படம், ரெண்டாயிரத்துச் சொச்சம் துகள். கண்ணு பூத்துப் போச்சு.

மிளகாய்: எவ்வளவுன்னு சொல்லித் தொலையேன்.

ஆமை: ஐம்பத்தாறு.

மிளகாய்: ஐம்பத்தாறா?

ஆமை: பாதிக்கு மேலதான். நீ பொறுக்கவே வேண்டியதில்ல.

மிளகாய்: மறுபடி சொல்லு.

ஆமை: ஐம்பத்தாறு. யாரு எண்ணினாலும் ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன அதான் வரும். ஆனா உன் அறுபத்தெட்டு வெளிய போச்சுன்னு வையி, கம்பெனி வக்கீல் நாப்பது படத்தையும் கேப்பான். இருபத்துநாலை ஏன் விட்டீங்கம்பான். அதோட எல்லாம் குப்பைக்கூடைக்குத்தான். அப்புறம் என் ஐம்பத்தாறையும் எவனும் நம்ப மாட்டான்.

மிளகாய்: எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்.

ஆமை: அழறியா?

மிளகாய்: நீ உன் மெஷினைப் பாரு. என்னைப் பார்க்காதே.

ஆமை: சரி, பார்க்கல. ஒண்ணும் கெட்டுப் போகல, விடு. டைரக்டர் லீவு முடிஞ்சு நாளைக்குத்தான் வர்றார். உன் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, வேற ஆளு எண்ணினதுன்னு என்னுதை வெப்போம். அம்மா விஷயத்தை நீயே அவர்கிட்ட சொல்லிடு, நானும் கூட வர்றேன். அறிக்கை எங்க, உன் மேசையிலயா?

மிளகாய்: அவர் லீவுல போறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டேன். காலையில நானே அதிகாரிங்களுக்கு அனுப்பிட்டேன்... அவங்க வழியா கம்பெனிக்கும் ஒரு நகல் போயிடுச்சு. ஒரு தாள் குடு. பொறுக்கினது நான்தான்னு எழுதித் தர்றேன், வேலை போனா போகட்டும். நீ அந்த ஐம்பத்தாறை மட்டும் கைவிட்டுடாதே.