ஊசியும் பொத்தானும்

பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வார வேண்டும். அப்போதுதான் சிக்கெடுக்கிற வலி தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செய்து செய்து பழகியது. காலை வேளையில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள், அம்மா. அடுப்படி வாசலில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து முதுகைக் காட்டி நிற்கும். தாய்மார்கள் அதற்குள் ரொட்டி அடுப்புக்கும் சலவைக் கூடத்துக்கும் தையல் அறைக்கும் போயிருப்பார்கள். நான் இல்லாவிட்டால் அத்தனை தலையும் குருவிக்கூடாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மாடிக் கட்டிடம்தான் எங்கள் இல்லம். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், புருஷனைப் பறிகொடுத்தவள், கல்யாணமே இல்லாமல் கைப்பிள்ளையோடு நிற்பவள், யார் வந்தாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சேர்த்துக்கொள்வோம். ஆளுக்கோர் அறை, வயிற்றுக்குச் சாப்பாடு, கைக்கு ஒரு தொழில், காலையும் மாலையும் பிரார்த்தனை. சொந்தக் காலில் நிற்கிற அளவுக்கு வந்ததும் வேலை தேடிக்கொடுத்து அனுப்பிவைக்க வேண்டும் என்பது சபைப் பெரியவரின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நானே அப்படி வந்தவள். என் மகன் நடை பழகியது அந்த வராந்தாவில்தான். அவன் வளர்ந்தான், வேலை கிடைத்தது, போனான். போனவன் போனவன்தான். நான் மட்டும் தங்கிவிட்டேன். எனக்குப் பெரியக்கா என்று பேர் வந்தது.

அனுப்பிவைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் பெரியவர் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். அழுது வீங்கின முகத்தோடு வருவாள். உங்கள் மடியில் தலைவைத்துப் படுப்பாள். அவள் பிள்ளைக்குப் பல் முளைத்தால் முதலில் உங்களிடம்தான் ஓடிவந்து காட்டுவாள். பிறகு ஒருநாள் தலைநிமிர்ந்து, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வாசல் தாண்டிப் போவாள். தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். ஏறி வந்த ஏணியை யாரும் எட்டி உதைப்பதில்லை, அம்மா. மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். உதைத்தாலாவது ஏணிக்கு ஒரு மரியாதை.

அதனால் சிலரை நான் கொஞ்சம் நிதானமாக அனுப்பினேன். வேலை கொடுக்க வந்தவர் என்னிடம்தான் விசாரிப்பார். "நல்ல பொண்ணுதான். கை மட்டும் கொஞ்சம்..." என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நான் எவளையும் திருடி என்று சொன்னதில்லை. பாதியில் நின்ற பேச்சு பொய்யாகாது. மீதியை அவரவர் மனசு முடித்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய? வேலை கைநழுவியதும் அந்தப் பெண் என்னிடம் வந்துதான் அழுவாள். நான் தேற்றுவேன். உண்மையான பாசத்தோடுதான் தேற்றுவேன். அதில் சந்தேகப்படாதீர்கள்.

இப்போது ஊசியைப் பற்றி.

ஊசி என்பது நாங்கள் வைத்த பேர். தையல் அறையில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. வாயும் அப்படியே, குத்தினால் ரத்தம் வராது, வலி மட்டும் இருக்கும். அவள் பெண்ணுக்குப் பொத்தான் என்று பேர் வந்தது தானாகத்தான். உருண்டை முகம், இரண்டு துளை மாதிரிக் கண். எந்நேரமும் தாயின் முந்தானையில் ஒட்டிக்கொண்டே திரியும். காலையில் தலைவார வரும்போது மட்டும் என் மடியில் ஏறிக்கொள்ளும். "பெரியக்கா, கதை சொல்லு" என்னும். அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா, அதற்கும் நான் அக்காதான்.

ஊசி பிரார்த்தனைக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால் கண்ணை மூடமாட்டாள். எல்லோரும் தலைகுனிந்திருக்க, அவள் மட்டும் முன்னாலிருப்பவளின் ரவிக்கைத் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டேன்.

"கண்ணத் தொறந்து வச்சா கடவுள் கேக்க மாட்டாராக்கா?" என்றாள். "மூடினா எனக்குத் தூக்கம் வந்துடுது. குறட்டை விட்டா அவருக்கே சங்கடம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை நன்றிக் கூட்டம் நடக்கும். சபைக்கு உதவி செய்கிறவர்கள் நல்ல உடுப்பு உடுத்தி முன்வரிசையில் உட்காருவார்கள். இல்லத்துப் பெண்களில் ஒருத்தி எழுந்து தன் கதையைச் சொல்லுவாள். சேற்றில் கிடந்தேன், கைதூக்கி விட்டீர்கள் என்று முடிப்பது வழக்கம். அந்த வருஷம் பெரியவர் ஊசியைப் பேசச் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மேடையில் ஏறியதும், "சாப்பாடு போட்டீங்க, இடம் குடுத்தீங்க, ரொம்ப நன்றி" என்றாள். "ஆனா நான் சேத்துல கெடக்கல. வாடகை குடுக்க முடியாமத் தெருவுல நின்னேன். ரெண்டும் வேற. தையல் எனக்கு முன்னாடியே தெரியும். மிஷின்தான் இல்ல. இங்க மிஷின் இருந்துச்சு." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பெரியவர் கைதட்டினார். அவருக்கு அது பிடித்துவிட்டது. எனக்குக் காது மடல் எரிந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் உப்பைத் தின்றுவிட்டு, உப்பு உப்பாகத்தான் இருந்தது என்கிறாள்.

பிறகு ஆஸ்பத்திரி உடுப்புகள் தைக்கிற பட்டறைக்காரர் ஒருவர் அவள் தையலைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கேட்டு வந்தார். பட்டறைக்கு மேலேயே ஓர் அறையும் தருவதாகச் சொன்னார். என்னிடம் வழக்கம்போல விசாரித்தார். நானும் வழக்கம்போலச் சொல்லி நிறுத்தினேன்.

அவரோ, "கை மட்டும் கொஞ்சம் என்ன, வேகமா? அதான் எனக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஒருத்தி போவதானால்கூடப் பொறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் மற்றவர்களிடம் பேச ஆரம்பித்தாள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு பிடிக்கலாம், ஆளுக்கொரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், யாரையும் அண்டி நிற்க வேண்டாம் என்று. சலவைக் கூடத்து இஸ்திரிக்காரி, ரெண்டு பிள்ளைக்காரி, என் நிழலில் நின்று பழகியவள், அவள்கூட என்னிடம் வந்து, "நானும் போகலாமாக்கா?" என்று கேட்டாள். போகலாமா என்று கேட்கிறவள் பாதி போய்விட்டவள். ராத்திரி படுத்தபடி அத்தனை அறையும் காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் முன்னால் நிற்க ஒரு முதுகு இருக்காது.

ஊசி பட்டறையில் முதல் நாள் வேலைக்குக் கிளம்பினாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் வந்துடுவேங்க்கா. பசிச்சாலும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா இவ, நீங்களே பாத்து ஊட்டிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, போகிறபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதுவரை அவள் அப்படிச் செய்ததே இல்லை.

பொத்தானுக்குத் தலைவாரி ரிப்பன் கட்டிவிட்டேன். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடினோம். அறைக்குள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். யார் வந்தாலும், யார் கூப்பிட்டாலும் சத்தம் போடக்கூடாது. பேசினால் தோற்றுப்போவாய், பேசாமல் இருந்தால் ஜெயிப்பாய், ஜெயித்தால் அம்மா வந்து தூக்கிக்கொள்வாள் என்று சொன்னேன். அது உடனே புகுந்துகொண்டது. நான் கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டேன். அறைகளுக்கு இரண்டு சாவி. ஒன்று தாயிடம், ஒன்று என்னிடம்.

மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்குப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனேன். பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரி பேசுகிறேன், ஒருத்தி பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள், தினமும் நடக்கிறது என்று சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்குமேல் கிடந்ததுபோல. மத்தியானம் தாண்டித்தான் வந்தார்கள். அதுவரை நான் மாடிப் பக்கம் போகவில்லை. போனால் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஓடிப்போய்ச் சாவி எடுத்துவந்து திறந்தேன். பொத்தான் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. பாவாடை நனைந்திருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தது. தான் பார்க்காவிட்டால் தன்னையும் யாரும் பார்க்க முடியாது என்று அந்த வயதில் ஒரு நம்பிக்கை. வந்திருந்த பெண் அதிகாரி, "வாடா கண்ணு, உன் பேரென்ன?" என்று கெஞ்சினார். அது வாயைத் திறக்கவில்லை. வெளியே தூக்கி எடுத்ததும் என்னைப் பார்த்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டியது. நானும் யாரும் பார்க்காமல் வைத்துக் காட்டினேன்.

சாயங்காலம் ஊசி வந்தபோது பிள்ளை வண்டியில் ஏறிவிட்டிருந்தது. "உங்ககிட்டதானேக்கா விட்டுட்டுப் போனேன். சொல்லுங்கக்கா இவங்ககிட்ட" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "பதட்டத்துல எதையாவது பேசாத. என்கிட்ட எங்க சொன்ன நீ?" என்றேன். அதிகாரியைத் தனியாக அழைத்துப்போய், "நல்ல பொண்ணுதான். பொறுப்பு மட்டும் இன்னும்..." என்று நிறுத்தினேன். அவர் மீதியை முடித்துக்கொண்டார். படித்த பெண்.

மறுநாள் இஸ்திரிக்காரி என்னிடம் வந்தாள். சூடான துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நேத்துக் காலைல பொத்தானுக்கு நீங்கதானே தல வாரி விட்டீங்க? நான் பாத்தேனே" என்றாள்.

"உன் சின்னவனுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு வெளிய போய்க் கஷ்டப்படாத. இங்கயே இரு. நான் இருக்கேன் உனக்கு."

அவள் துணியை அடுக்கிவைத்துவிட்டுப் போனாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு பிடிக்கிற பேச்சும் அதோடு நின்றது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், அம்மா. நன்றியுள்ளவள்.

பிள்ளைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் ஊசிக்குப் பட்டறை வேலை போயிற்று. பிள்ளை திரும்ப வேண்டுமென்றால் நிலையான இருப்பிடமும் நல்ல நடத்தைக்குச் சாட்சியும் வேண்டும் என்றார்கள். இருப்பிடம் எங்கள் இல்லம். சாட்சி நான். அவர்கள் கேட்கும்போதெல்லாம், "முன்னேற்றம் தெரியுது, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். அதில் பொய்யே இல்லை. நிஜமாகவே முன்னேற்றம் இருந்தது. ஊசி பிரார்த்தனையில் கண்ணை மூட ஆரம்பித்தாள். வாய் அடங்கியது. என் அறைக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "நான் என்னக்கா செய்யணும், சொல்லுங்க, அப்படியே செய்றேன்" என்பாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுப்பேன். அடுத்த நன்றிக் கூட்டத்தில் அவளே எழுந்து, சேற்றில் கிடந்தேன் என்று சொன்னாள். முன்வரிசையில் எல்லோரும் அழுதார்கள். அந்த வருஷம் போல எந்த வருஷமும் அழுததில்லை.

பிள்ளையை ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள் என்று கேள்வி. ஆனால் பொத்தான் பேசவில்லை. டாக்டர்களிடம் காட்டினார்கள்; தொண்டையில் குறை இல்லை என்றார்கள். தாய் பார்க்கப்போகும் நாளில் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு அவள் வாயையே பார்க்குமாம். ஒரு சொல் வராதாம். ஊசி திரும்பிவந்து, "என் மேல கோவம்க்கா அவளுக்கு" என்று சொல்லி அழுவாள். இருக்கும் என்று நான் சொல்லுவேன்.

அப்புறம்தான் அந்த வீட்டு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை பின்னால் வந்து நின்று, "இப்பப் பேசலாமா? நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டதாம். கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். அதனால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அத்தனை நாள் கழித்தும் நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை.

ஆகவே, ஆமாம். பூட்டியது நான். போன் செய்தது நான். தாய்மேல் பழியைப் போட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. கெடுதல் நினைத்துச் செய்தவள்தானே மறைப்பாள்?

இன்று காலை உங்கள் அலுவலக வாசலில் ஊசியைப் பார்த்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பட்டறைக்காரர் பக்கத்தில் அவள் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரியும் இரண்டு பிள்ளைகளோடு கூட நின்றாள். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னோடு பேசவும் இல்லை. தெருவைக் கடந்து போனார்கள்.

வெளியே அவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது, அம்மா. எனக்குத் தெரியாதா? இவ்வளவு நடந்த பிறகு அந்தப் பெண்ணுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும், திரும்பி வர ஓர் இடம் வேண்டும். என்னைப் பார்க்க இங்கே வந்த பெரியவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைக்கச் சொல்லி.