தொரை வண்டிக்குச் சத்தம் வந்த நாள்

பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது தெரியாதவர்கள்தான் இந்த எஸ்டேட்டில் அதிகம். கம்பெனி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்; நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முதலிலிருந்தே சொல்கிறேன், ஐயா.

என் பெயர் குருசாமி, ஃபேக்டரி எலக்ட்ரீசியன். எழுபத்து நாலில் வெள்ளைக்காரத் தொரை சீமைக்குப் போனபோது, அவர் கோல்ஃப் ஆட வைத்திருந்த பேட்டரி வண்டி இங்கேயே தங்கிவிட்டது. அவர் காலத்திலிருந்து பதினோரு வருடமாக அது என் பொறுப்பு. திங்கள்தோறும் ஆறு பேட்டரிக்கும் டிஸ்டில் வாட்டர் பார்ப்பேன். முனைகளைச் சோடா உப்பால் கழுவி வாசலின் தடவுவேன். டயருக்குக் காற்று, பிரேக் கம்பிக்கு எண்ணெய். மூணாறிலிருந்து சூரியநெல்லி வரைக்கும் தேடினாலும் இப்படிக் குளித்து முழுகி நிற்கிற வண்டியைப் பார்க்க முடியாது.

அவருக்குப் பின் மேனேஜராக வந்த புதுத் தொரைக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் அந்த வண்டி சத்தமே போடாது என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். ஜீப் என்றால் இரண்டு வளைவுக்கு முன்பே உறுமும்; தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குனிய நேரம் கிடைக்கும். இது பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

என் மனைவி மூக்கம்மாள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கத்தான் உட்கார்ந்தாள். தொரை வந்து நின்றார்.

"வேலை நேரத்துல உட்காரக் கூடாது. மூணு நாளு லயத்துல போயி நல்லா உட்காரு" என்று கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அட்டை ஏறினாக்கூடக் கொஞ்ச நேரத்துல அரிக்கும். இந்த மனுசன் வந்து நிக்கது ஒண்ணுமே தெரியமாட்டேங்கு" என்று மூக்கம்மாள் அழுதாள்.

எனக்குத் தொரை மேல் கோபம் கிடையாது. வண்டிக்கு ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் மாட்டு மணி கட்டினேன், பிய்த்து எறிந்தார். கிரீஸ் போடாமல் விட்டால் சக்கரம் கிறீச்சிடுமே என்று தோன்றியது. அந்தத் திங்கட்கிழமை டப்பாவைத் திறக்காமலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு கேட்கவில்லை. கடைசியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டுவிட்டேன்.

புதன்கிழமை, ஏழாம் நம்பர் மலை இறக்கத்தில் தொரைக்குப் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மாட்டுக் கொட்டகைச் சாணிக் குழியில் இறங்கியது. அன்றைக்கு மலை முழுக்கச் சத்தம் கேட்டது. வண்டி போட்ட சத்தம் இல்லை, தொரை போட்டது. பெண்கள் அத்தனை பேரும் நல்லபடியாகக் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் குளிக்க எட்டு வாளி வெந்நீர் பிடித்ததாம்.

உங்கள் ரைட்டர் இப்போது வாசித்தாரே, "பராமரிப்புக் குறைவு, எலக்ட்ரீசியனுக்கு எச்சரிக்கை" என்று, அதில் கையெழுத்துப் போட்டால் என் வேலை தப்பும், லயத்து வீடும் தப்பும். மூக்கம்மாள் வாசலில் மறித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்: "வாயத் தொறக்காம கையெழுத்தப் போட்டுட்டு வந்து சேருங்க."

நியாயமான பேச்சுதான். ஆனாலும் பதினோரு வருடத்தில் ஒரு திங்கள் தவறாதவனைப் பார்த்துக் குறைவு என்கிறீர்களே, அது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதோ, பிரேக் கம்பியைப் பிடித்திருக்கிற ஸ்ப்ளிட் பின். துரு இருக்கிறதா, பாருங்கள். தானாக விழவில்லை, செவ்வாய்க்கிழமை நான்தான் கழற்றினேன். பின் இல்லாவிட்டாலும் கம்பி உடனே நழுவாது, அந்த இறக்கத்துக் குலுக்கலில்தான் நழுவும்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் முன்னாலேயே போய்க் குழியில் கிடந்த கல்லைப் பொறுக்குவானா? பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிச் சாணியை இளக்கமாகக் கலக்கி வைப்பானா? ஆழத்தைக்கூட ஒரு கம்பு விட்டு அளந்தேன், ஐயா. நின்றால் மார்பு வரைக்கும்தான். உட்கார்ந்திருந்தால் வாய் வரைக்கும் வரும். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று அவரே சொல்கிறவர்தானே.