மினிச்சேச்சிக்கு ஒரு சாவு

— கொன்னுடு. அவ்வளவுதான் சங்கதி.

— யாரை, வர்க்கிச்சேட்டா?

— வேற யாரை? மினிச்சேச்சியைத்தான். கைக்குழந்தையை விட்டுட்டு இரிஞ்சாலக்குடா வரைக்கும் உன்னை வரச் சொன்னது பின்ன எதுக்கு, சாயா குடிக்கவா?

— திரும்ப வேலைக்கு எடுக்கப்போறீங்கன்னு நினைச்சு வந்தேன்.

— எடுக்கத்தான் போறேன் ட்ரீசா. முதல் வேலையே இதுதான். மினியை உண்டாக்கினவ நீ. அவளுக்கு ஒரு நல்ல சாவையும் நீதான் எழுதணும். நெஞ்சுவலின்னு வெச்சுக்க. படிக்கிறவ கண்ணுல பொலபொலன்னு தண்ணி வரணும்.

— இல்லாத பொம்பளைக்கு நெஞ்சு ஏது சேட்டா, வலி வர்றதுக்கு?

— பாத்தியா, இந்த நாக்குதான் எனக்கு வேணும்! நீ பிரசவத்துக்குப் போனதும் மினியைக் கொச்சியில ஒரு விளம்பரக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சேன். அவனுங்க எழுதற மினி, பேங்க் மேனேஜர் மாதிரி பேசறா.

— அதுக்காகக் கொல்லணுமா? அவ பேச்சைக் கேட்டுத்தானே அத்தனை அம்மாமாரும் பிள்ளைக்குத் தேய்க்க நம்ம பொன்னுண்ணி எண்ணெயை வாங்கறாங்க.

— அதான் வம்பே. பேச்சைக் கேட்டது போதாதாம், இப்ப ஆளைப் பாக்கணுமாம். நம்ம 'உறங்காத அம்மாமார்' ஆன்லைன் குரூப்புக்குப் பிறந்தநாளாம். திருச்சூர்ல மண்டபம் பிடிச்சிருக்காளுங்க. மினிச்சேச்சிதான் கேக் வெட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாளுங்க. நான் ஆளுக்கு எங்கே போறது? நானே சேலையைச் சுத்திட்டுப் போகவா, இந்த மீசையோட?

— மீசையை எடுத்துட்டுப் போங்க.

— சிரிக்காதே பெண்ணே. என் பொழப்பே நாறிடும்.

— நான் சிரிக்கலை சேட்டா. செத்தா மட்டும் விட்டுடுவாங்களா? எந்தச் சர்ச்சுல அடக்கம்னு கேப்பாங்க. ரெண்டு பஸ் பிடிச்சு மலர்வளையத்தோட மரண வீட்டுக்கு வருவாங்க. ஜங்ஷன்ல ஃப்ளெக்ஸ் வெக்க போட்டோ குடுன்னு கேப்பாங்க. நாம மினிக்கு வெச்சிருக்கிற படம் துளசிச்செடி. துளசிச்செடிக்குக் கீழ 'ஆதராஞ்சலிகள்'னு அடிப்பீங்களா?

— கனடாவுல சாகட்டும். மகன் வீட்டுக்குப் போன இடத்துல. ஒரே பனி, பாடியைக் கொண்டுவர வழியில்ல. எப்படி?

— மினிக்கு மகனே கிடையாது. ரெண்டு பொண்ணு. ஒருத்தி சின்னதுலயே தவறிட்டா. அதனாலதான் எல்லாப் பொண்ணுங்களையும் அவ 'மோளே'ன்னு கூப்பிடறா.

— கர்த்தாவே! இதெல்லாம் எப்ப நடந்துச்சு?

— நான்தான் நடத்தினேன்.

— அதான் சொல்றேன், உன்னை விட்டா ஆளில்ல. கொச்சிக்காரன் எழுதி அனுப்பின சாவைக் கேளு. 'அன்பு வாடிக்கையாளர்களே, நம் மினிச்சேச்சி நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் நினைவாக இந்த வாரம் முழுவதும் பொன்னுண்ணி எண்ணெய்க்குத் தள்ளுபடி.' செத்த வீட்டுல எவனாவது தள்ளுபடி விப்பானா? நீ எழுதித் தரலைன்னா சாயங்காலம் இதுதான் போகும். வேற வழியில்ல எனக்கு.

— இன்னிக்கேவா?

— இன்னிக்கேதான். ஆமா, கேக்க மறந்துட்டேன் பாரு. குழந்தை எப்படி இருக்கான்? எடை கூடியிருக்கானா?

— கூடியிருக்கான்.

— பாலெல்லாம் நல்லாக் குடிக்கறானா?

— ம்.

— யாருகிட்ட விட்டிருக்கே?

— மாளாவுல, மாமியார்கிட்ட.

— உன் வீட்டுக்காரன் ஜோபி கத்தார்லேருந்து எப்ப வர்றான்?

— ஓணத்துக்குன்னான். இப்பக் கிறிஸ்துமஸ்ஸுங்கறான்.

— கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்குடீ உனக்கு. அந்தப் பழம்பொரியை எடுத்துத் தின்னு. பால் ஊறணும்ல.

— வேண்டாம் சேட்டா.

— உனக்காகச் சொல்லலை, குழந்தைக்காகச் சொல்றேன்.

— தெரியுது.

— சரி, இன்னொரு சங்கதி இருக்கு. அதுதான் என்னைப் போட்டுப் பிராண்டுது. இந்த மஞ்சாடி.

— எந்த மஞ்சாடி?

— பொய்ப் பேரு. முகமும் கிடையாது, சிவப்பா ஒரு மஞ்சாடி விதையைப் படமா வெச்சிருக்கு. தினமும் மினிக்குத் தனியா எழுதிப் புலம்புது. அது அம்மாவும் இல்ல, சும்மாவும் இல்ல. நமக்குப் போட்டியா எண்ணெய் விக்கறானே சாலக்குடிக்காரன், அவன் அனுப்பின ஒற்றன்.

— எதை வெச்சுச் சொல்றீங்க?

— படிக்கறேன், நீயே கேளு. 'சேச்சி, இப்பல்லாம் ஏன் வேற யாரோ மாதிரி எழுதறீங்க? மோளேவுக்குப் பின்னாடி சேச்சி ஒருநாளும் ஆச்சரியக்குறி போட மாட்டீங்களே.' எப்படி இருக்கு? பிள்ளை பெத்து வீட்டுல கெடக்கற ஒருத்தி ஆச்சரியக்குறியை எண்ணிட்டு உக்காந்திருப்பாளா?

— தூக்கம் வராதவ எதை வேணாலும் எண்ணுவா.

— இன்னும் கேளு. 'அவன் அழுதுட்டே இருந்தான். எனக்கு ஒண்ணுமே தோணலை. யார் பெத்த பிள்ளையோன்னு இருந்துச்சு. எந்திரிச்சுக் கிணத்துப் பக்கம் போய் நின்னேன்.' சுத்த நாடகம்!

— நாடகம் இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— சேச்சியோட பதில் வந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன்னு எழுதியிருக்கால்ல? நாடகம் போடறவளுக்கு அப்படியெல்லாம் தோணாது.

— அதை நான் இன்னும் படிக்கவே இல்லையே?

— பாஸ்வேர்டை நீங்க மாத்தவே இல்ல சேட்டா. அப்பப்பத் திறந்து பாப்பேன். நான் வளத்த பொம்பளை இல்லையா.

— கள்ளி! அப்ப நீயே மினியா உள்ளே போய் அவளுக்கு நாலு வார்த்தை எழுதியிருக்கலாமே?

— எழுதிப் பாத்தேன். பலிக்கலை.

— அப்படி ஒண்ணும் இங்கே காணோமே.

— அழிச்சுட்டேன். கொச்சிக்காரங்க அவளுக்கு என்ன பதில் போடறாங்க இப்ப?

— என்னத்தைப் போடறது? சிவப்பா ஒரு இதயம். அப்புறம் எண்ணெய் வாங்கற லிங்க்.

— கிணத்தடியில நிக்கறவளுக்கு எண்ணெய் லிங்க்கா, சேட்டா?

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் எண்ணெய் விக்கறவன்டீ, டாக்டரா? நெஜமாவே அப்படி ஒருத்தி இருந்தா, புருஷன்கிட்ட சொல்லட்டும். மாமியார்கிட்ட சொல்லட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

— சொன்னா என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. தங்கம் மாதிரி பிள்ளை, மாசாமாசம் பணம் அனுப்பற புருஷன், உனக்கு என்னடீ குறைச்சல்னு கேப்பாங்க. ரெண்டாவது தடவை சொன்னா, இவளுக்கு மூளை பிசகிடுச்சு, பிள்ளையை இவ கையில குடுக்காதீங்கன்னு ஆரம்பிப்பாங்க.

— என் வீட்டுக்காரி ரோசக்குட்டி மூணு பெத்தா. ஒரு நாள் கண் கலங்கி நான் பாத்ததில்ல.

— கேட்டிருக்கீங்களா?

— என்னத்தைக் கேக்கறது?

— ஒண்ணுமில்ல விடுங்க. சேட்டா, நான் ஒண்ணு சொல்றேன். மத்தவங்க யாரும் கேக்கறதுக்கு இல்லைன்னுதான் ஒருத்தி முகம் தெரியாத இந்த மினியைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறா. சாயங்காலம் மினி செத்துட்டான்னு படிச்சா, அடுத்த தடவை கிணத்தடியிலேருந்து திரும்பி வர்றதுக்கு அவளுக்கு என்ன இருக்கு? அவளுக்காகவாவது மினி இருக்கட்டும். ஊருக்குப் போயிட்டா, உடம்பு சரியில்லன்னு ஏதாவது சொல்லி நான் சமாளிக்கறேன். சம்பளம்கூட வேண்டாம்.

— அட, இவ அழறாளே! எடீ, எவனோ ஒரு தடியன் சாலக்குடியில உக்காந்து பீடி குடிச்சுட்டு எழுதறதுக்கு நீ ஏன்டீ அழறே? இதைக் கேளு, இன்னிக்குக் காலையில வந்தது. 'சேச்சி, பழைய மாதிரி அதை ஒரே ஒரு தடவை கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.' என்னடீ அது, இந்த 'அது'? ஏதோ ரகசியச் சொல்லு. நம்மளை மாட்டிவிடப் பாக்கறான்.

— 'கஞ்சி குடிச்சியா மோளே?'

— என்னது?

— அதுதான் 'அது'. மறந்துட்டீங்களா? குரூப்புக்குப் புதுசா யார் வந்தாலும் மினி முதல்ல கேக்கறது. பெத்து எடுத்ததுலேருந்து ஊரே பிள்ளையைத்தான் விசாரிக்கும், பெத்தவளை ஒருத்தரும் விசாரிக்க மாட்டாங்க, நாம விசாரிப்போம்னு இந்த மேஜையில உக்காந்துதானே சொன்னேன்.

— ஓ, அது! ஆமாடீ! அன்னிக்கு வந்து குவிஞ்சுதே பதில், அம்மாடி! பெண்டுகள்லாம் கண்ணீரும் கம்பலையுமா எழுதி, பின்னாடியே ஆர்டர் போட்டு, குப்பி கிடைக்காம நான் பாலக்காடு வரைக்கும் ஓடினேன். பெரிய தந்திரக்காரி நீ. அந்த ஒத்தை வரியிலதான் இந்தக் கடையே எந்திரிச்சுது.

— அதை ஏன் நிறுத்தினாங்க கொச்சிக்காரங்க?

— 'இந்த வரியில எண்ணெய் எங்கே சார் வருது'ன்னு கேட்டான். எனக்கும் அது சரின்னு பட்டுது.

— அதோட அவளுக்கு அந்தக் கேள்வி வர்றது நின்னு போச்சு.

— சரி, நீ கண்ணைத் துடை. ஒரு காரியம் செய்யலாம். ஆபீஸ் போன் இதோ இருக்கு, மினி இதுலதான் இருக்கா. நானே இப்ப அதைக் கேக்கறேன். கூலிக்கு எழுதறவன்னா போனைக் கையிலயே வெச்சிருப்பான், அடிச்ச கையோட பதில் வரும். நெஜமான அம்மான்னா வீட்டு வேலைக்கு நடுவுல எப்பவாவதுதான் பாப்பா. சோதிச்சுப் பாத்துடுவோம். அம்மான்னா, உன் இஷ்டம், மினி இருக்கட்டும். போதுமா?

— வேண்டாம் சேட்டா.

— ஏன்டீ? உன் கட்சிக்குத்தானே பேசறேன்?

— சோதிக்கறதுக்காக அதைக் கேக்கக் கூடாது.

— நீ விக்கறதுக்காகக் கேட்டே. நான் சோதிக்கறதுக்காகக் கேக்கறேன். என்ன பெரிய வித்தியாசம்?

— சேட்டா, உங்களைக் கும்பிடறேன். போனைக் கீழ வைங்க. நான் சாவே எழுதித் தர்றேன். கனடா, பனி, நெஞ்சுவலி, எது வேணாலும் எழுதறேன். இப்ப அதை மட்டும் அனுப்பாதீங்க.

— சும்மா இரு. கஞ்... சி... இந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. குடிச்சியா... மோளே. ஆச்சரியக்குறி வேண்டாம்ல?

— வேண்டாம்.

— போட்டாச்சு. உன் பையில என்னமோ மணி அடிச்சுதே, பாரு. வீட்டுலேருந்தா இருக்கும். குழந்தை அழறானோ என்னவோ.

— வீட்டுலேருந்து இல்ல.

— இங்கே பதில் ஒண்ணும் காணோம். போய்ச் சேந்துச்சா இல்லையா? இரு, இன்னொரு தடவை அனுப்பிப் பாக்கறேன். இந்தா, போயிடுச்சு... ட்ரீசா. மறுபடியும் உன் பையிலதான்டீ அடிக்குது.

— ஆமா.

— எடீ... மோளே...

— இல்ல சேச்சி. இன்னிக்கு இன்னும் குடிக்கலை.