அதே மேஜை, அதே ஜன்னல்

— அந்தப் படம் விக்கிற வெப்சைட்காரங்களுக்கு எழுதிட்டியாம்மா? ‘படம் பாக்குற உங்க ஆளுக்குக் கண்ணு தெரியலை’ன்னு எழுது.

— பாவங்க, யாரோ பெத்த பிள்ளை. நாள் பூரா ஊர்ல உள்ளவங்க படத்தையெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப்போயிருக்கும்.

— அலுத்தா தூங்கட்டும். நான் எடுத்த சாவிக்கொத்துப் படத்தை ஏன் திருப்பி அனுப்பணும்? ‘தெளிவா இல்லை’யாம். போன வாரம் இதே மாதிரி கரண்டியைப் படம் எடுத்து அனுப்பினேன், மறுபேச்சு இல்லாம வித்தாங்க. நேத்து ஒரு நியாயம், இன்னிக்கு ஒரு நியாயமா?

— சரி விடுங்க. ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகட்டும்னுதானே கேமரா வாங்கினீங்க.

— விடுறதாவது! இந்த மெயிலுக்கு ஒழுங்கா பதில் வரலைன்னா கேமராவைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். சத்தியமா.

— ஐயோ, சத்தியமெல்லாம் எதுக்கு? காலைல கண்ணு முழிச்சதும் அதைத்தானே தேடுறீங்க.

— நீ டைப் பண்ணு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, இல்லேன்னா நானே அடிச்சிருப்பேன். நீ நம்ம பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்த மாசம் பதினாலு படம் அனுப்பினேன். பதினாலும் திரும்பிடுச்சு. நீ வந்த பிறகு பதினொண்ணு. பத்து பாஸ்! சாவிக்கொத்து ஒண்ணுதான் ஃபெயில்.

— அது, பேரனுக்குத் தடுப்பூசி போட நான் போயிருந்த அன்னிக்கு எடுத்தது.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதே மேஜை, அதே ஜன்னல், அதே கை.

— கை அதே கை இல்லைங்க.

— என்ன உளர்றே?

— கோச்சுக்காம கேளுங்க. எல்லாம் சரிபண்ணிட்டுத் திரையை விலக்க ஜன்னல்கிட்டப் போவீங்கல்ல? அப்ப லென்ஸ் வளையத்தை நான் கொஞ்சூண்டு திருப்பி வைப்பேன். நீங்க வச்சது மங்கலாத்தான் இருக்கும்.

— எப்பவுமா?

— ஒரு வருஷமா. சொல்ல வாய் வரலைங்க. சொன்னா கேமராவையே விட்டுருவீங்களோன்னு பயம். நல்ல நேரமாப் பாத்து சொல்ல வையப்பான்னு ஆண்டவனை வேண்டிக்கிட்டே இருந்தேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கண் டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கேன். நானும் கூட வர்றேன்.

— மெயிலை இன்னும் அனுப்பலையே?

— ஏங்க?

— அந்தக் ‘கண்ணு தெரியலை’ங்கிற வரியை அழிச்சுடும்மா.

— அதை நான் எழுதவே இல்லைங்க.